நாலு தந்திக்குள் மோகனம்: தெரியுமா உங்களுக்கு?

1969 ஜூலை. நிலாவில் கால் பதித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார் நீல் ஆம்ஸ்ட்ராங். நிலாக் கிருமி ஏதாவது கூடவே வந்துவிட்டதோ என்ற பயத்தில், அவரையும் கூட்டாளிகள் இருவரையும் சக்கரம் கழற்றிய ஒரு வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது நாசா. வெளியே உலகமே கொண்டாடிக்கொண்டிருக்க, உள்ளே அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? யுகுலேலே வாசித்தார்! கட்டுக்கதை இல்லை, நாசா எடுத்த புகைப்படமே இருக்கிறது.

“அது குழந்தைகள் கிடார்தானே?” என்று உதட்டைப் பிதுக்குபவர்களை இந்தக் கட்டுரை முழுக்க வம்புக்கு இழுக்கப் போகிறேன். அந்தக் குட்டிப் பெட்டிக்குப் பின்னால் கப்பல் இருக்கிறது, ராஜா இருக்கிறார், துருவப் பயணம் இருக்கிறது. எல்லாவற்றையும் விட, நம் கச்சேரி ரசிகர்கள் துள்ளிக் குதிக்கும்படி ஒரு ராகம் ஒளிந்திருக்கிறது.

முதலில் கப்பல். ஹவாயின் அடையாளமான யுகுலேலே ஹவாயில் பிறக்கவில்லை, தெரியுமா? 1879 ஆகஸ்ட் 23 அன்று ‘ரேவன்ஸ்கிராக்’ என்ற கப்பல் ஹொனலுலுவில் நங்கூரம் போட்டது. போர்ச்சுக்கலின் மதீரா தீவிலிருந்து கிளம்பி நான்கு மாதம் கடலில் கிடந்து வந்தவர்கள் 400-க்கும் மேற்பட்டோர். கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளும் அவர்கள் குடும்பங்களும். (ஃபிஜிக்கு முதல் இந்தியக் கூலிக் கப்பலான ‘லியோனிடாஸ்’ போய்ச் சேர்ந்ததும் அதே 1879-தான். கரும்பு அந்த நூற்றாண்டில் எத்தனை பேரை ஊர் மாற்றியது!) அந்தக் கூட்டத்தில் மூன்று மரவேலைக்காரர்கள்: மானுவல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சான்டோ. ஒப்பந்தம் தீர்ந்ததும் மூவரும் ஹொனலுலுவுக்கு வந்து கடை போட்டார்கள். உருவத்தை மதீராவின் ‘மஷேட்’ என்ற நாலு தந்திக் கருவியிலிருந்து எடுத்தார்கள். சுருதியை அதன் அண்ணனான ஐந்து தந்தி ‘ரஜாவோ’விலிருந்து எடுத்தார்கள். மரத்துக்கு மட்டும் ஹவாயைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத கோவா. மூன்றும் சேர்ந்தது, யுகுலேலே பிறந்தது!

அப்போதைய மன்னர் கலாகவா இதன்மேல் பித்துப் பிடித்தவர். அரண்மனை விருந்துகளில் ஹூலா ஆட்டத்துக்குப் பக்கவாத்தியமாக ஏற்றிவிட்டார். கூலிக்காரர்கள் கொண்டுவந்த கருவி பத்தே ஆண்டுக்குள் ராஜசபை ஏறியது. 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் கண்காட்சியின் ஹவாய் அரங்கில் வாசிக்க, அமெரிக்கா முழுக்கக் காய்ச்சல் பரவியது. அந்தக் கதை பல இடங்களில் எழுதப்பட்டதுதான். நான் சொல்ல வந்த சங்கதி சுருதியில் இருக்கிறது.

யுகுலேலேயின் நாலு தந்தியும் மேலிருந்து கீழாக ஜி, சி, இ, ஏ. சி-யை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். ப, ஸ, க, த. நான்கும் ஒரே ஸ்தாயியில்! கிடார் வாசிப்பவர்கள் இதைக் கண்டதும் முழிப்பார்கள். மேல் தந்தி மந்தரமாக இருக்க வேண்டாமா, அது ஏன் அடுத்த தந்தியை விட உச்சத்தில் கத்துகிறது என்பார்கள். நமக்கு இதில் ஆச்சரியமே வேண்டாம். தம்புராவைப் பாருங்கள்: பஞ்சமம், ஸாரணி, அனுஸாரணி, அப்புறம் கடைசியில் தடால் என்று மந்தர ஷட்ஜம். வரிசையாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தந்தி வரிசையும் சுர வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ, க, ப, த. அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். ஒரு ரிஷபம் மட்டும் சேர்ந்தால்? மோகனம்! சி தந்தியில் இரண்டாவது மெட்டை அமுக்கினால் அந்த ரிஷபமும் கையில் கிடைத்துவிடும். யுகுலேலேயை விரலே வைக்காமல் சும்மா மீட்டினாலே முக்கால்வாசி மோகனம் கேட்கிறது.

முக்கால் போதாது என்பவர்கள் மதீராவின் ரஜாவோவிடம் போகலாம். அதன் ஐந்து தந்தி டி, ஜி, சி, இ, ஏ. ரி, ப, ஸ, க, த. முழு மோகனமும் திறந்த தந்தியிலேயே! ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ‘டிம்ப்ளே’ என்று ஒன்று உண்டு. முதுகு கூன் போட்டிருக்கும் குட்டிக் கருவி. லான்சரோட்டே தீவின் தெகீஸே ஊரில் ஒரு மாளிகையையே அதற்கு அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் சுருதி ஜி, சி, இ, ஏ, டி. அதுவும் மோகனமே! மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் பஞ்சமமாகத் தாவிக்கொண்டே போனால் ஸ, ப, ரி, த, க என்றுதான் விழும். தந்திகளைப் பெரும்பாலும் ஐந்தாம் சுரம், நான்காம் சுரம் என்ற இடைவெளியில் கட்டுகிற பழக்கம் இருக்கும்வரை இந்த ஐந்தும் ஒன்றாகக் கூடிக்கொண்டேதான் இருக்கும். சாதா கிடாரின் ஆறு தந்தியையும் ஜி-யை ஷட்ஜமாக வைத்துக் கேட்டால் அதிலும் மோகனம் உட்கார்ந்திருக்கும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வீட்டில் கிடார் இருந்தால் இப்போதே மீட்டிப் பாருங்கள்.

அதிசயம் அதோடு நிற்கவில்லை. பொலிவியா, பெரு மலைமேட்டில் வாசிக்கும் சராங்கோவுக்கு ஐந்து இரட்டைத் தந்தி, மொத்தம் பத்து. சுருதி? ஜி, சி, இ, ஏ, இ. மெக்சிகோவின் வேராக்ரூஸ் கரையில், ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யும் ‘ஹரானா’? ஜி, சி, இ, ஏ, ஜி. கடலில் கிடக்கும் தீவுக்கும் பனிமலை உச்சிக்கும் மெக்சிகோக் கரைக்கும் அதே நாலு சுரம்! இவை ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்தவை அல்ல. எல்லாவற்றுக்கும் பாட்டி ஸ்பெயின், போர்ச்சுக்கலில் இருந்த பழைய குட்டிக் கிடார். கப்பல் போன இடமெல்லாம் அதுவும் போனது. 1546-ல் செவீயாவில் அலோன்ஸோ முதார்ரா அச்சிட்ட நூலில் நாலு தந்தி வரிசைக் கிடாருக்கான உருப்படிகள் இருக்கின்றன. அச்சில் வந்த மிகப் பழைய கிடார் இசை அதுதான். அந்தக் கிடாரின் சுர இடைவெளிகள் இன்றைய யுகுலேலேக்கு அப்படியே பொருந்துகின்றன. இன்று கடையில் வாங்கிய யுகுலேலேயில் அதை வாசிக்கலாம். 16-ஆம் நூற்றாண்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிற கருவி வேறெது சொல்லுங்கள்!

உச்சத்தில் கத்தும் அந்த மேல் தந்தியால் இன்னொரு லாபம். அடுத்தடுத்த சுரங்களை ஒரே தந்தியில் வாசிக்காமல் தந்திக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால், முந்தைய சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து சேரும். கோயில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று கலப்பது போன்ற ஒலி. ஜான் கிங் என்ற அமெரிக்கக் கலைஞர் பாக்கின் இசையை இந்த முறையில் யுகுலேலேக்கு மாற்றி வாசித்திருக்கிறார். தேடிக் கேளுங்கள். கேட்டபிறகு பொம்மை என்று சொல்ல வாய் வராது.

சுருதியை நினைவில் வைக்க ஊருக்கு ஊர் ஒரு பாட்டு உண்டு. ஆங்கிலம் பேசும் யுகுலேலேக்காரர்கள் நாலு தந்தியை ஒவ்வொன்றாகத் தட்டி “என் நாய்க்குத் தெள்ளுப்பூச்சி” என்ற பொருளில் பாடுவார்கள். வெனிசுவேலாவின் நாலு தந்தி குவாத்ரோக்காரர்கள் “காம்-பூர்-பின்-தோன்” என்கிறார்கள். பழுக்க ஆரம்பித்த வாழைப்பழமாம்! எனக்கு வாழைப்பழம்தான் பிடித்திருக்கிறது.

சரி, இந்தக் கருவிகளை எதில் செய்கிறார்கள்? இங்கேதான் சேகரிப்பாளர்கள் தலைகால் புரியாமல் போகிறார்கள். தாஹித்தி யுகுலேலேக்குக் கிடாரைப் போல உள்ளீடற்ற பெட்டியே கிடையாது, தெரியுமா? கெட்டியான ஒரே மரத்தில், முன்பக்கம் விரிந்து முதுகுப்பக்கம் குறுகும் ஒரு கூம்புத் துளை. முன்வாயில் மட்டும் மெல்லிய மரவட்டு ஒன்றை ஒட்டி, அதன் மேல் குதிரையை உட்கார வைத்துவிடுவார்கள். எட்டுத் தந்தி, நாலு ஜோடி. தந்தி எது? மீன் தூண்டில் நரம்பு! அநேகமாகப் பளீர் பச்சை. அத்தனை சிறிய வட்டு அதிர்ந்து வரும் சத்தத்தில் கீழ்ச் சுரம் என்று ஒன்றும் இருக்காது. கிணுகிணுவென்று காதைக் குத்தும் வேகமான மீட்டல்தான். ஒரு நிமிஷம் கேட்டால் எரிச்சல், ஐந்து நிமிஷம் கேட்டால் எழுந்து ஆடத் தோன்றும்.

தூண்டில் நரம்பு தாஹித்தியின் ஏழ்மையால் வந்த வழி என்று நினைக்க வேண்டாம். இன்று பணம் கொட்டி வாங்கிய யுகுலேலேக்கும் ஃபுளோரோகார்பன் தூண்டில் நரம்பை வெட்டிக் கட்டுகிற ரசிகர்கள் ஏராளம். நைலானை விட அடர்த்தி அதிகம் என்பதால் அதே சுருதிக்கு இன்னும் மெல்லிய நரம்பு போதும், ஒலியும் பளிச்சென்று தெறிக்கும்.

சராங்கோவின் முதுகு? ஒரு காலத்தில் ஆர்மடில்லோ என்ற விலங்கின் ஓடு! சிலவற்றில் அதன் முடிகூட அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விலங்கு அருகி, வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தபிறகு மரத்துக்கு மாறிவிட்டார்கள். ஒலியும் மரத்தில்தான் மேல் என்கிறார்கள் வாசிப்பவர்கள். ஆசைப்பட்டு ஓட்டுச் சராங்கோ எதையும் வாங்கிவிடாதீர்கள், சுங்கத்தில் மாட்டும்.

பிளாஸ்டிக்? மாரியோ மக்கஃபெர்ரி என்ற இத்தாலியர் பாரிஸில் செல்மர் நிறுவனத்துக்கு வடிவமைத்த கிடார்தான் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கையில் உலகப் புகழ் பெற்றது. அதே மனிதர் அமெரிக்காவுக்குப் போய் பிளாஸ்டிக் துணிக் கிளிப் செய்து சம்பாதித்தார். 1949-ல் ‘ஐலேண்டர்’ என்று பாலிஸ்டைரீன் யுகுலேலே இறக்கினார். விற்றது சுமார் 90 லட்சம்! யுகுலேலேயின் கழுத்தில் மாட்டி, பொத்தானை அமுக்கினால் சுரக்கூட்டு (கார்ட்) விழுகிற உபகருவியும் கூடவே விற்றார். பிளாஸ்டிக்கில் அவ்வளவு ஒலி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சபாஷ் போட வேண்டிய வேலை அது.

பாஞ்சோவின் தோல்முகத்தோடு யுகுலேலேயின் கழுத்தைச் சேர்த்தால் பாஞ்சுலேலே. வோட்ஹவுஸின் 1934 நாவலான ‘தேங்க் யூ, ஜீவ்ஸ்’ ஞாபகம் இருக்கிறதா? முதலாளி பெர்ட்டி வூஸ்டர் பாஞ்சுலேலே பழகுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஜீவ்ஸ் வேலையை விட்டே போய்விடுகிறான். ஜீவ்ஸ் மேல் தப்பில்லை, அந்தச் சத்தம் அப்படி.

1920-களின் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு அடக்கமே இல்லை. விமானி லின்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய ஜோரில் சிகாகோவில் விமானச் சிறகு வடிவில் யுகுலேலே. லயன் அண்டு ஹீலி கம்பெனியில் முக்கோணம், மணி வடிவம். மேடைக் கலைஞர் ராய் ஸ்மெக் பெயரில் ஹார்மனி கம்பெனி விட்ட ‘வீட்டா யுக்’கில் ஒலித்துளைகள் இரண்டும் கடல்நாய் உருவம்! நியூயார்க்கின் நிக்கோலா டுர்டூரோவுடையது இன்னும் ஒரு படி மேலே. முன்பக்கம் யுகுலேலே, திருப்பினால் மாண்டலின். கிரிஸ் நட்ஸன் என்ற நார்வேக்காரர் ஹார்ப் யுகுலேலே செய்தார். பெட்டியிலிருந்து உள்ளீடற்ற ஒரு கை கிளம்பி மேலே வளைந்து நிற்கும். சுவரில் மாட்டினால் அழகு, மடியில் வைத்தால் அவஸ்தை.

காமகா என்ற பெயரைச் சொல்லாவிட்டால் ஹவாய்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1916-ல் சாமுவேல் காமகா தன் வீட்டின் கீழ்த்தளத்தில் தொடங்கிய பட்டறை இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. இடுப்பு வளைவே இல்லாத அன்னாசிப்பழ வடிவத்துக்கு 1928-ல் காப்புரிமை வாங்கியவர் அவர்தான். ஆனால் என்னைச் சிலிர்க்க வைத்தது வேறு. அந்தப் பட்டறையில் பல ஆண்டுகளாகக் காது கேளாதவர்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். வாத்தியப் பட்டறையில்! மேல்பலகையை இழைக்கும்போது தட்டிப் பார்த்து, கனம் சரியா என்று விரல்நுனியின் அதிர்விலேயே கண்டுகொள்வார்களாம். கேட்பவர்களுக்குத் தப்பிப்போகும் நுணுக்கம் அவர்கள் கைக்குத் தப்பவில்லை.

பழைய கருவி வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: மார்ட்டின் கம்பெனி தன் கிடார்களுக்கு வரிசை எண் போட்டது, யுகுலேலேகளுக்கு அநேகமாகப் போடவே இல்லை. வயதைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டும். மரப் பிருடையா, உலோகமா? மெட்டுகள் பட்டைக் கம்பியா, இன்றைய ‘டி’ வடிவமா? முத்திரை தலையின் முன்னா, பின்னா? மரப் பிருடை வழுக்கினால் பயப்படாதீர்கள், நம் வீணைக்காரர்கள் செய்வதுதான்: கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவி, உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புங்கள். உலோகப் பிருடை என்றால் முனையில் ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும், அரைத் திருப்பு முறுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

புது நைலான் தந்தி கட்டிவிட்டுச் சுருதி சேர்த்தால், காபி குடித்துவிட்டு வருவதற்குள் இறங்கியிருக்கும். கருவியில் கோளாறு இல்லை, நரம்பு இழுபடுகிறது. பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே தந்தியை விரலால் மெல்ல வெளிப்பக்கம் இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். சில நாள் இதே கூத்துதான். சுருதியை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏறுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் பிருடையில் இருக்கும் தொய்வு கொஞ்ச நேரத்தில் வெளிவந்து காலை வாரும். திறந்த தந்தி சரியாக இருந்தும் முதல் மெட்டில் சுரம் ஏறிக் கத்துகிறதா? கழுத்து முனையில் தந்தி உட்காரும் பள்ளம் உயரமாக இருக்கிறது. ஒரு மயிரிழை அராவினால் போதும், ஆனால் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள், ஒரு மயிரிழை கூடினாலும் தந்தி மெட்டில் இடிக்க ஆரம்பிக்கும். ஏசி அறையில் வைத்தால் கோவா மரம் காய்ந்து வெடிக்கும், வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் பசை இளகிக் குதிரை பெயர்ந்து வரும். செல்லப்பிள்ளைதான், என்ன செய்ய!

வடதுருவத்துக்குக் கிளம்பிய யுகுலேலேயைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ரிச்சர்ட் பேர்டின் 1926 துருவப் பயணக் குழுவில் ரிச்சர்ட் கான்டர் என்ற கடற்படைக்காரர் இருந்தார். செல்லப் பெயர் ‘யுகுலேலே டிக்’. விமானத்தில் ஒவ்வொரு ராத்தலுக்கும் கணக்கு. கான்டருக்கே அதில் இடம் இல்லை. ஆனால் அவருடைய மார்ட்டின் கோவா யுகுலேலேக்கு இடம் கிடைத்தது, திருட்டுத்தனமாக! மே 9 அன்று பறந்த ‘ஜோசஃபின் ஃபோர்டு’ விமானத்துக்குள் அது ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. விமானம் நிஜமாகவே துருவத்தை எட்டியதா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், அது வேறு வழக்கு. திரும்பி வந்த யுகுலேலேயில் கான்டர் கையெழுத்து வேட்டையை ஆரம்பித்தார். பேர்டு, அமுன்ட்சென், லின்ட்பர்க், எடிசன், ஜனாதிபதி கூலிட்ஜ் என்று நூற்றுக்கு மேல்! மரத்தில் இடமே மிச்சமில்லை. பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில், மார்ட்டின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வாசிக்கத்தான் யாருக்கும் தைரியம் வராது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம், ஜகார்த்தா வழியாக. சோழமண்டலக் கரை, மலையாளக் கரை, வங்காளம் என்று பல இடங்களிலிருந்து போர்ச்சுக்கீசியரிடம் அடிமைகளாக மாட்டி, கிறிஸ்தவர்களாகி, போர்ச்சுக்கீசிய மொழி பேசி, பின்னால் டச்சுக்காரர் ஆட்சியில் விடுதலை பெற்ற ஒரு சமூகம் படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்தது. மர்தைக்கர் என்று பெயர். அவர்களில் சில குடும்பங்கள் 1661-ல் துகு என்ற இடத்தில் குடியேறின. இந்தோனேசியாவின் புகழ்பெற்ற க்ரோன்சோங் இசைக்கு வேர் அந்தத் துகு என்கிறார்கள். அதன் உயிர்நாடி ‘சாக்’, ‘சுக்’ என்ற இரண்டு யுகுலேலே வகைகள். ஒன்று தாளத்தில் விழும், மற்றது தாளத்தின் இடைவெளியில் விழும். இரண்டும் பின்னிக்கொண்டு ஓடும் வேகத்தைக் கேட்டால் ஒருவர் வாசிக்கிறாரா இருவரா என்று சந்தேகம் வரும். மதீராவின் உறவுக்காரக் கருவியை ஜாவாவில் மீட்டியவர்களின் முன்னோரில் நம் கரைக்காரர்களும் இருந்தார்கள்! பள்ளிப் பாடத்தில் இது ஏன் இல்லை?

குட்டித் தந்தி வாத்தியத்தைக் கச்சேரி மேடையில் ஏற்றியதில் தமிழ்நாட்டுச் சபாக்களும் சளைத்தவை அல்ல. மாண்டலினின் நாலு இரட்டைத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது பெரும்பாடு. ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்து சென்னையில் வாழ்ந்த யு. ஸ்ரீநிவாஸ், இரட்டைக்குப் பதில் ஐந்து ஒற்றைத் தந்தி போட்டு மின் இணைப்பும் கொடுத்தார். சிறுவனாக அவர் மேடையேறியபோது முகம் சுளித்த பெரியவர்கள் அப்புறம் முதல் வரிசையில் இடம் தேடினார்கள்.

உச்சத்தில் கத்தும் குட்டிகளுக்கு எதிர்ப்பக்கம் ஒரு விசித்திரம்: ஆஷ்பரி பேஸ். மீட்டும் நீளம் 18 அங்குலம்தான், பெரிய டபுள் பேஸின் மந்தரத்தை அப்படியே கொடுக்கும். ரகசியம், சிலிகான் ரப்பர் தந்தி! ரப்பரில் விரல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வாசிக்குமுன் டால்கம் பவுடர் பூசிக்கொள்ள வேண்டும்.

அப்புறம், நம் வீட்டுப் பரண்களில் தூங்கும் புல்புல்தாரா. டைப்ரைட்டர் மாதிரிப் பொத்தான், இந்தக் கையால் அமுக்கி அந்தக் கையால் மீட்டுகிற பெட்டி. அசல் இந்தியச் சரக்கு என்றுதானே நினைத்திருந்தீர்கள்? 1912-ல் ஜப்பானின் நகோயா நகரில் கோரோ மோரிதா என்பவர் கண்டுபிடித்த ‘தைஷோகோதோ’ அது! டைப்ரைட்டர் விசையைத் தந்திக்கு மேல் பூட்டினால் என்ன என்று யோசித்திருக்கிறார் மனிதர். இந்தியாவுக்கு வந்து புல்புல்தாராவானது. பலூசிஸ்தானுக்குப் போனதும் உடம்பு பெருத்து ‘பெஞ்சு’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அங்கே அதை விளையாட்டுச் சாமான் என்று யாரும் சொல்வதில்லை. நாட்டார் கச்சேரியின் முக்கிய வாத்தியமே அதுதான், அதில் வித்வான்களும் உண்டு.